முதுகிலிருந்து நெஞ்சுக்கு: நாற்றப்பூச்சியின் சுரப்பிகள் வயதோடு இடம் மாறும் விதம்

தை மாதத்தில் கிழக்கிலங்கையின் வெல்லாவெளி, உன்னிச்சை, சம்மாந்துறைப் பக்கங்களில் பெரும்போக வெள்ளாமை பால் பிடிக்கும் நேரம், வரம்பில் நடந்து கதிரில் கை பட்டாலே ஒரு காரமான வாடை மூக்கில் ஏறும். நெல் மூட்டுப்பூச்சி வந்துவிட்டது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை. வீட்டுத் தோட்டத்தில் பயற்றைக்காயைப் பிடுங்கப்போய்ப் பச்சை நாவாய்ப்பூச்சியைத் தொட்டுவிட்டவர்களுக்கும், பூசணிக்கொடியில் செம்மஞ்சள் நிறப் பூச்சியை நசுக்கியவர்களுக்கும் இதே மாதிரி வாடை தெரியும். எல்லாவற்றையும் சேர்த்து "நாறுகிற பூச்சி" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்த வாடை ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு ஒரு சுரப்பி, வளர்ந்த பூச்சிக்கு வேறொரு சுரப்பி. சுரக்கும் இரசாயனமும் வயதோடு மாறுகிறது. ஒரே பொருளே ஒரு வயதில் கூட்டத்தைச் சேர்க்கவும் கலைக்கவும் பயன்படுகிறது. இந்த வேறுபாடு தெரிந்தால், வயலில் எதைத் தேடுவது, எதை நசுக்காமல் விடுவது, ஆய்வுகூடத்தில் எந்தப் பக்கத்தை வெட்டுவது என்பதெல்லாம் தெளிவாகும்.

முதலில் ஆட்களைப் பிரித்துக்கொள்வோம். வயலில் காணும் ஒல்லியான, நீண்ட கால்களையுடைய நெல் மூட்டுப்பூச்சி லெப்டோகொரிசா இனத்தைச் சேர்ந்தது. நம் வயல்களில் முக்கியமானது லெப்டோகொரிசா ஒரடோரியஸ். பயற்றை, கௌபி, தக்காளி, வெண்டி ஆகியவற்றில் இருக்கும் கேடய வடிவப் பச்சைப் பூச்சி நெசாரா விரிடுலா. பூசணி, பீர்க்குக் கொடிகளில் கூட்டமாக இருக்கும் செம்மஞ்சளும் கறுப்புமான பூச்சி கொரிடியஸ் ஜானஸ். மூன்றும் வெவ்வேறு குடும்பங்கள். உண்மையான நாற்றப்பூச்சிக் குடும்பத்துக்கு உரியது நெசாரா மட்டுமே. ஆனாலும் சுரப்பிகளின் அடிப்படை அமைப்பு மூன்றுக்கும் ஒன்றுதான். உலகில் அதிகம் ஆராயப்பட்டது நெசாரா என்பதால் இங்கே சொல்லும் நுண்விவரங்களில் பெரும்பகுதி அதிலிருந்தே வருகிறது.

முட்டைக்கு நாற்றச் சுரப்பி இல்லை. நெசாரா பெண்பூச்சி இலையின் அடிப்பக்கத்தில் 30 முதல் 130 வரையான முட்டைகளை அறுகோண ஒழுங்கில் ஒட்டி வைக்கிறது. முட்டைகள் முதலில் வெளிறிய மஞ்சள், பொரிக்கும் காலம் நெருங்க இளஞ்சிவப்பு அல்லது செம்மஞ்சள். தாய் முட்டைமேல் பூசிவிடும் பசையும் குடல் பக்றீரியாவும்தான் அந்தப் பருவத்தின் இரசாயனச் சொத்து. பொரித்த குஞ்சுகள் முட்டை ஓட்டைத் தங்கள் மூக்கால் தடவித் தடவி அந்தப் பக்றீரியாவை எடுத்துக்கொள்கின்றன. அது கிடைக்காத குஞ்சுகள் சரியாக வளராமல் போகலாம்.

முட்டைக்கு வாடை இல்லாவிட்டாலும் தாயின் வாடை முட்டைக்கு எமனாகிறது. ட்ரிசோல்கஸ் பசாலிஸ் என்ற, ஒரு மில்லிமீற்றர் அளவேயான குளவி நெசாராவின் முட்டைக்குள் தன் முட்டையை இடும். வளர்ந்த நெசாராவின் சுரப்பில் உள்ள ஈ-2-டெசெனல் என்ற அல்டிகைட் (காரமான வாடையுள்ள ஒரு சேர்ம வகை) அந்தக் குளவியைத் தூரத்திலிருந்தே இழுக்கிறது என்று 1993இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பகைவனை விரட்டச் சுரப்பது பிள்ளையைத் தேடும் பகைவனுக்கு வழி காட்டுகிறது. குளவி புகுந்த நெசாரா முட்டை கறுத்துப்போகும். ஆகவே பயற்றை இலையின் அடியில் கறுத்த முட்டைக்கூட்டத்தைக் கண்டால் அந்த இலையை அப்படியே விடவேண்டும். வெளியே வரப்போவது குளவிகள். ஒரு எச்சரிக்கை: இந்த அடையாளத்தை நெல்வயலுக்குக் கொண்டுபோகக் கூடாது. நெல் மூட்டுப்பூச்சியின் முட்டை இயல்பாகவே கருஞ்சிவப்பு நிறம். இலையின் நீளத்துக்கு ஒன்று முதல் மூன்று வரிசையாக, 10 முதல் 20 வரை இருக்கும். அங்கே கறுப்பு நிறத்தை வைத்துக் குளவி புகுந்ததா என்று தீர்மானிக்க முடியாது.

குஞ்சுக்கு நம் பாடநூல்களில் அணங்கு என்று பெயர், வளர்ந்ததற்கு நிறைவுடலி. அணங்கு ஐந்து பருவங்களைக் கடக்கிறது. ஒவ்வொரு பருவ முடிவிலும் தோல் கழற்றும். ஐந்தாவது தோலைக் கழற்றும்போதுதான் இறக்கையோடு நிறைவுடலி வெளிவரும். இந்த ஐந்து பருவமும் சுரப்பிகள் முதுகில் இருக்கின்றன. வயிற்றின் மேற்புறம், நடுக்கோட்டில், கண்டங்கள் (உடலின் வளையம் போன்ற பகுதிகள்) சேரும் இடங்களில் கருமையான சிறு தகடுகள் தெரியும். அந்தத் தகடுகளில்தான் சுரப்பியின் வாய்கள். நெசாராவில் மூன்று இடங்கள்: மூன்றாம் நான்காம் கண்டங்களுக்கு இடையில், நான்கு ஐந்துக்கு இடையில், ஐந்து ஆறுக்கு இடையில். முன்னாலுள்ளது சிறியது, பின்னிரண்டும் பெரியவை. நெல் மூட்டுப்பூச்சியின் குடும்பத்தில் முன்னாலுள்ள அந்தச் சுரப்பி இல்லை. நான்கு ஐந்து, ஐந்து ஆறு ஆகிய இரண்டு இடங்களில் மட்டும் வாய்கள் இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை ஒன்று போதும், இவற்றைப் பார்க்க. நான்காம், ஐந்தாம் பருவ அணங்கை எடுத்தால் தேடவே வேண்டியதில்லை. முதற்பருவத்தில் அணங்கு ஒரு மில்லிமீற்றரைச் சற்றே தாண்டியது என்பதால் கைவில்லை காணாது, நுணுக்குக்காட்டி வேண்டும்.

முதற்பருவ நெசாரா அணங்கின் நடத்தையைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். அது எதையும் தின்பதில்லை. பொரித்த முட்டை ஓடுகளின் மேலேயே நெருங்கி உட்கார்ந்திருக்கும். அந்தக் கூட்டத்தைப் பிடித்து வைப்பதில் இரசாயனத்துக்குப் பங்குண்டு. முதற்பருவத்தின் சுரப்பில் ஈ-4-ஒக்சோ-2-டெசெனல் மிகுதி. அடுத்தடுத்த பருவங்களில் அந்த இடத்தை அதைவிடக் குறுகிய சங்கிலியான ஈ-4-ஒக்சோ-2-ஹெக்செனல் பிடித்துக்கொள்கிறது. எல்லாப் பருவத்திலும் கூடவே இருப்பது ட்ரைடெக்கேன், 13 காபன் அணுக்கள் கொண்ட நேரான ஐதரோகாபன். 1985இல் வெளியான ஓர் ஆய்வு இந்த ட்ரைடெக்கேனுக்கு முதற்பருவத்தில் இரண்டு வேலைகள் இருப்பதைக் காட்டியது. மிகச் சிறிதளவு காற்றில் இருந்தால் குஞ்சுகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. ஒரு குஞ்சு நசுங்கி அளவு திடீரென ஏறினால் கூட்டம் கலைந்து ஓடுகிறது. அளவே செய்தி. இலையடியில் முதற்பருவக் கூட்டத்தைக் கண்டு, ஒன்றிரண்டை மட்டும் விரலால் நசுக்கிவிட்டு மற்றவற்றைத் தேடுபவருக்குக் கூட்டம் கிடைக்காமல் போவது இதனால்தான். கூட்டத்தை அழிக்க வேண்டுமென்றால் இலையோடு சேர்த்துக் கிள்ளி, சவர்க்காரத் தண்ணீர் உள்ள வாளியில் ஒரேயடியாக அமிழ்த்த வேண்டும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி திரவச் சவர்க்காரம் போதும். சவர்க்காரம் இல்லாத வெறும் தண்ணீரில் குஞ்சுகள் மிதந்து ஏறிவிடும்.

இரண்டாம் பருவத்தில் உண்ணத் தொடங்கும். மூன்றாம் பருவத்துக்குப் பிறகு கூட்டம் தளர்ந்து செடி முழுவதும் பரவும். நான்காம், ஐந்தாம் பருவங்களில் இறக்கை மொட்டு தெரியும்.

தோல் கழற்றுவதில் பலரும் கவனிக்காத ஒரு விடயம் இருக்கிறது. முதுகுச் சுரப்பியின் பைக்குள் உள்ள படலம் உடலின் வெளித்தோலின் தொடர்ச்சி. ஆகவே தோல் கழலும்போது பையின் உட்படலமும் சேர்ந்து கழன்றுவிடும், அதற்குள் இருந்த சுரப்பும் தோலோடு போய்விடும். புதுத்தோல் போர்த்த அணங்கு வெறும் பையோடு தொடங்குகிறது. தோல் கடினமாகி நிறம் பிடிக்கும்வரை மென்மையான உடலும் ஏறத்தாழ வெறுமையான சுரப்பியும் ஒன்றாக அமைவதால் அது மிகவும் ஆபத்தான நேரம். எறும்பும் சிலந்தியும் அந்த நேரத்தில்தான் அதிகம் எடுக்கின்றன. ஆய்வு செய்பவர்களுக்கோ இது ஒரு நல்ல வசதி. 1992இல் நாற்றப்பூச்சிகளின் பருவவாரியான சுரப்பை ஒப்பிட்ட ஆய்வாளர்கள் கழன்ற தோல்களைப் பயன்படுத்தினார்கள். பூச்சியைக் கொல்லாமலே, எந்தப் பருவத்தின் சுரப்பு என்ற சந்தேகமும் இல்லாமலே மாதிரி கிடைக்கிறது.

வந்தாறுமூலையிலோ கரடியனாற்றிலோ விவசாயம் படிக்கும் மாணவர் இதைச் செய்ய விரும்பினால்: ஒரு பெட்டியில் ஒரே பருவ அணங்குகளை மட்டும் வைத்து, காலையும் மாலையும் பாருங்கள். கழன்ற தோல் கண்ட உடனே மெல்லிய இடுக்கியால் எடுத்துச் சிறு கண்ணாடிக் குப்பியில் 100 மைக்ரோலீற்றர் ஹெக்சேன் என்ற கரைப்பானில் போடுங்கள். பத்து நிமிடம் போதும், பிறகு தோலை எடுத்துவிட வேண்டும். இதில் தவறுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். தோல் ஒரு நாள் கிடந்துவிட்டால் ஆவியாகும் அல்டிகைட்கள் போய்விடும், ட்ரைடெக்கேனின் விகிதம் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். பிளாஸ்ரிக் குப்பியில் வைத்தால் ஹெக்சேன் பிளாஸ்ரிக்கிலிருந்தே பொருட்களைக் கரைத்து எடுத்து, சுரப்பைப் பகுத்துக் காட்டும் வரைபில் பொய்யான சிகரங்களைக் காட்டும். கண்ணாடிக் குப்பி, டெஃப்லோன் படலமிட்ட மூடி, மறை 20 பாகை செல்சியஸ். அல்டிகைட்கள் காற்றுப்பட்டால் அமிலமாக ஒட்சியேறும் என்பதால் குப்பியில் கரைசலுக்கு மேல் காற்று நிற்கும் இடம் குறைவாக இருக்கட்டும்.

இனி நிறைவுடலி. இறக்கை வந்ததும் முதுகு மூடப்பட்டுவிடுகிறது. முதுகில் சுரப்பி வாய் இருந்தால் சுரப்பு இறக்கைக்கு அடியில்தான் கசியும், எதிரியைச் சேராது. நிறைவுடலியில் முக்கிய சுரப்பி அடிப்பக்கத்துக்கு, பின்நெஞ்சுக்கு மாறியிருப்பது இந்த உடலமைப்போடு நன்றாகப் பொருந்துகிறது. பூச்சியை மல்லாத்தி, நடுக்காலுக்கும் பின்காலுக்கும் இடையே நெஞ்சின் பக்கவாட்டைப் பாருங்கள். இரு புறமும் ஒவ்வொரு சிறு துவாரம், அதிலிருந்து வெளிநோக்கி ஓடும் ஒரு வாய்க்கால், அதைச் சுற்றி மினுக்கமில்லாத, தூசு படிந்தது போன்ற ஒரு பரப்பு. அந்த மங்கிய பரப்பு அழுக்கல்ல. அதிக உருப்பெருக்கத்தில் பார்த்தால் அங்கே காளான் வடிவான நுண்முளைகள் நெருக்கமாக நிற்கும். வெளியே வந்த திரவத்தை அவை பிடித்து வைத்து, பூச்சியின் சொந்த சுவாசத் துவாரங்களுக்கும் உடலின் மற்றப் பகுதிகளுக்கும் பரவவிடாமல் தடுத்து, ஆவியாக விடுகின்றன. இரண்டு பக்கத் துவாரத்தையும் தனித்தனியே இயக்க முடியும். இடப்பக்கம் பிடித்தால் இடப்பக்கம் மட்டும் சுரக்கும்.

உள்ளே அமைப்பு இன்னும் நுட்பமானது. நெஞ்சும் வயிறும் சேரும் இடத்தில், அடித்தளத்தில், செம்மஞ்சள் நிறப் பை ஒன்று இருக்கும். அது சேமிப்பறை. இரு பக்கமும் வெண்மையான குழாய்க் கொத்தாகப் பக்கச் சுரப்பிகள் அதற்குள் திறக்கின்றன. சேமிப்பறையின் சுவரிலேயே துணைச் சுரப்பி ஒன்று பதிந்திருக்கும். பல நாவாய்ப்பூச்சிகளில் பக்கச் சுரப்பிகள் தீங்கு குறைந்த எஸ்தர்களைச் செய்து அனுப்ப, துணைச் சுரப்பியின் நொதியங்கள் அவற்றை முதலில் அற்ககோலாகவும் பிறகு காரமான அல்டிகைட்டாகவும் மாற்றுகின்றன. சுரப்பிக் கலங்கள் தாமே செய்த நஞ்சில் தாமே சாகாமல் இருப்பது இந்தப் பங்கீட்டால்தான்: கடைசித் தாக்கம் நடப்பது தோல்படலம் போர்த்திய பைக்குள், உயிர்க்கலங்களுக்கு வெளியே. பூச்சிகளின் உடலியலில் இதைவிடச் சிறப்பான ஏற்பாடுகள் அதிகமில்லை என்பது என் எண்ணம்.

நெசாரா நிறைவுடலியின் சுரப்பில் ட்ரைடெக்கேனே பெரும்பங்கு. அதோடு ஈ-2-டெசெனல், ஈ-2-ஹெக்செனல் முதலான அல்டிகைட்களும் சில எஸ்தர்களும். கொத்தமல்லி இலையைக் கசக்கினால் வரும் வாடையிலும் ஈ-2-டெசெனல் இருக்கிறது. சிலருக்கு மல்லி இலை "பூச்சி மணக்கிறது" என்று தோன்றுவதில் பிழையில்லை.

ட்ரைடெக்கேனுக்கு வாடை மிகக் குறைவு, நஞ்சும் குறைவு. பிறகேன் இவ்வளவு? அது மெழுகில் கரையும் எண்ணெய்த் தன்மையது. எதிரிப் பூச்சியின் தோலில் உள்ள மெழுகுப் படலத்தில் பரவி, அல்டிகைட்டை உள்ளே கொண்டுபோகிறது. ஆவியாவதையும் மெதுவாக்கி வாடையை நீடிக்க வைக்கிறது. இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு இலங்கை ஆய்வாளர்கள் கொரிடியஸ் ஜானஸின் சுரப்பை வைத்தே 1991இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 1993இல் நெல் மூட்டுப்பூச்சியின் சுரப்பைப் பற்றிய இன்னொன்று வந்தது. ஈ-2-ஒக்டெனலும் ஒக்டைல் அசெற்றேற்றும் சேர்ந்த அந்தச் சுரப்பு நஞ்சாகவும் விரட்டியாகவும் எச்சரிக்கையாகவும் வேலை செய்வதை அது விவரித்தது. நம் வயலில் நாள்தோறும் மிதிபடும் பூச்சியைப் பற்றி நம் நாட்டிலேயே செய்யப்பட்ட இந்த வேலை பாடசாலை உயிரியலில் ஒரு வரியாகவாவது சேர வேண்டும்.

நிறைவுடலியின் பையைப் பார்க்க விரும்புபவர் முதலில் செய்யவேண்டியது அவசரப்படாமல் இருப்பது. வலையில் பிடித்த பூச்சி பையை ஏற்கெனவே காலி செய்திருக்கும். பயற்றைக்காய் போட்டு ஒரு நாளாவது தொந்தரவின்றி விடுங்கள். பிறகு பெட்டியைக் குலுக்காமல் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் அரை மணி நேரம், அதன்பின் உறைபெட்டியில் ஒரு மணி நேரம். அற்ககோலில் போட்டுக் கொன்றால் துடிக்கும்போதே சுரப்பை வெளியேற்றிவிடும், பை சுருங்கித்தான் கிடைக்கும். புதிதாகத் தோல் கழற்றிய வெளிறிய நிறைவுடலியையும் எடுக்கக் கூடாது, பை நிரம்பச் சில நாட்கள் வேண்டும். மெழுகுத் தட்டில் முதுகு மேலே இருக்கக் குத்தி, இறக்கைகளை வெட்டி, 0.9 வீத உப்புக் கரைசலில் மூழ்கவிடுங்கள். லீற்றருக்கு 9 கிராம் உப்பு. வயிற்றின் இரு ஓரங்களிலும் நுண்கத்தரியால் வெட்டி மேல்மூடியைத் தூக்கி, குடலையும் கொழுப்பையும் பெண்ணென்றால் சூலகத்தையும் விலக்கினால் செம்மஞ்சள் பை தெரியும். கத்தரியின் நுனி கீழ்நோக்கிச் சாய்ந்தால் பை கிழிந்து கரைசல் முழுக்க எண்ணெய்ப் படலமாகிவிடும். நுனியை எப்போதும் மேலே தூக்கிப் பிடித்து வெட்ட வேண்டும். சன்னல் திறந்திருக்கட்டும்.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே தள்ளிவைக்கலாம். நாற்றச் சுரப்பியே இணையை அழைக்கும் சுரப்பியும் என்று நினைப்பவர்கள் உண்டு. நெசாரா ஆண் பெண்ணை ஈர்க்க விடும் பொருள் பிசபோலீன் எபொக்சைட்டின் இரண்டு வடிவங்கள். அது வயிற்றின் அடித்தோலுக்குக் கீழுள்ள தனிக்கலச் சுரப்பிகளிலிருந்து வருகிறது, நாற்றப் பையிலிருந்து அல்ல. ஆனால் இரைகொல்லி நாவாய்ப்பூச்சிகளில் கதை வேறு. வட அமெரிக்காவின் போடிசஸ் மாகுலிவென்ரிஸ் ஆணில், அணங்குக் காலத்து முதுகுச் சுரப்பி அழியாமல் பெரிதாகி, இணையை அழைக்கும் சுரப்பியாகவே மாறிவிடுகிறது.

சுரப்பு எதிரியை மட்டும் விரட்டுவதில்லை. ஈ-2-டெசெனல் போன்ற அல்டிகைட்கள் பூச்சிகளைத் தாக்கும் மெற்றாரைசியம் என்ற பூஞ்சையின் வித்து முளைப்பதை நெசாராவின் தோலில் தடுப்பது 1997இல் காட்டப்பட்டது. இந்தப் பூஞ்சையைக் கொண்டு செய்த பூச்சிமருந்து மற்றப் பூச்சிகளில் காட்டும் வேகத்தை நாற்றப்பூச்சி நிறைவுடலியில் காட்டாததற்கு இது ஒரு காரணம். அப்படி மருந்து அடிப்பவர்கள் பலன் குறைவென்றால் கலவையின் செறிவை ஏற்றிக்கொண்டே போவதில் பயனில்லை.

வயலுக்குத் திரும்பினால், வாடையை வைத்துப் பூச்சி இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம், எவ்வளவு என்று சொல்ல முடியாது. தொந்தரவு இல்லாதபோது பூச்சி சுரக்காது. காற்று அடித்தால் வாடை பக்கத்து வயலிலிருந்தும் வரும். சில நிமிடத்தில் மூக்கும் பழகிவிடும். எண்ணிக்கைக்குக் கைவலைதான் வழி. காலை ஒன்பது மணிக்கு முன்னர் அல்லது மாலை நாலு மணிக்குப் பின்னர், பூப்பதிலிருந்து பால் பருவம் முடியும்வரை, வரம்போரத்தில் மட்டுமல்லாமல் நடுவிலும் வீசிப் பார்க்க வேண்டும். உச்சி வெயிலில் பூச்சி பயிரின் அடிக்கு இறங்கிவிடும், வலை வெறுமையாக வரும், ஏமாந்துபோவோம். வலையில் விழுந்தவற்றில் நிறைவுடலி எத்தனை, அணங்கு எத்தனை என்று பிரித்து எழுதுங்கள். நிறைவுடலி மட்டும் இருந்தால் பக்கத்துப் புல்லிலிருந்தோ முன்னதாக விளைந்த வட்டையிலிருந்தோ (வயற்பகுதியிலிருந்தோ) இப்போதுதான் பறந்து வந்திருக்கின்றன. முதுகில் இரண்டு கரும்புள்ளி தெரியும் அணங்குகள் கலந்திருந்தால் அங்கேயே முட்டையிட்டுப் பெருகத் தொடங்கிவிட்டன. ஒரே வட்டையில் ஒருவர் முந்தியும் ஒருவர் பிந்தியும் விதைத்தால் பிந்திய வயலுக்கே எல்லாப் பூச்சியும் வந்துசேரும். விதைப்புத் திகதியை வட்டவிதானையோடு (வட்டையின் விவசாயப் பொறுப்பாளரோடு) பேசி ஒன்றாக்குவது எந்த மருந்தையும்விடப் பெரிய காரியம். குடலைப் பருவத்துக்கு (கதிர் தண்டுக்குள் இருக்கும் பருவத்துக்கு) முன்னரே வரம்புப் புல்லை வெட்டிவிட வேண்டும், கதிர் வந்தபின் வெட்டினால் புல்லில் இருந்தவை நேரே நெல்லுக்கு ஏறும்.

நசுக்கிய நண்டையோ நத்தையையோ அழுகவிட்டுத் தடியில் கட்டி வயலில் நடுவது பழைய முறை. நெல் மூட்டுப்பூச்சி அழுகிய ஊனின் வாடைக்கு வருவது உண்மை. ஆனால் தடியை நட்டுவிட்டுப் போனால் பூச்சியை அழைத்து விருந்து வைத்ததாகவே முடியும். மாலையில் போய்ச் சவர்க்காரத் தண்ணீர் வாளியைக் கீழே பிடித்துத் தட்டிவிட வேண்டும்.

சுரப்பு தோலில் பட்டால் மஞ்சள் கலந்த தவிட்டு நிறக் கறை விழும். அல்டிகைட் தோலின் புரதத்தோடு பிணைந்த கறை அது, உரசி எடுக்க முடியாது, சில நாளில் தோலோடு உரிந்து போகும். எரிச்சல் இருந்தால் முதலில் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். ட்ரைடெக்கேன் எண்ணெயில் கரையும், வெறும் தண்ணீரில் கரையாது. கண்ணில் பட்டால் எண்ணெய் கூடாது. சுத்தமான ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் விடாமல் கழுவி, எரிவு நிற்காவிட்டால் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கதிர் அறுக்கும்போதும் சூடடிக்கும்போதும் பூச்சி பட்ட கையால் கண்ணைத் தேய்ப்பதே இதில் அதிகம் நடப்பது, பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.